அடுப்புகள் அணைந்திருந்த ஞாயிறு

2018 ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், கிழக்கு ஜாவாவில் சும்பர்வாரு என்ற ஊரை ஒட்டிய குப்பைக் கிடங்கில் எரிவாயுக் கொட்டகை தீப்பிடித்தது. குப்பை பொறுக்கும் ஒருவருக்கு இரண்டு கைகளிலும் தீக்காயம் ஏற்பட்டது.

அந்த நேரத்தில் ஊரில் முர்தினியின் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அவள் வீட்டு அடுப்புகளும் அன்று கடையில் வாங்கிய சிலிண்டரில்தான் எரிந்தன.

மற்ற நாட்களில் அந்த ஊர் அடுப்புகள் குப்பையால் எரிபவை. கிடங்கின் மேட்டுக்குள் ஓட்டை போட்ட குழாய்களைச் செங்குத்தாக இறக்கியிருந்தார்கள். குப்பை அழுகும்போது உண்டாகும் மீத்தேன் அவற்றில் ஏறி, கொட்டகையில் இருந்த தண்ணீர்ப் பீப்பாய்களைக் கடந்து, சாலையோரக் குழாய் வழியாக ஒவ்வொரு சமையற்கட்டுக்கும் வந்தது. இதற்காக நடந்த முதல் கூட்டத்தில் பொறியாளர் ஒருவர் விளக்கினார். இந்த வாயுவைச் சும்மா வெளியே விட்டால் அடுப்புப் புகையைவிடப் பல மடங்கு அதிகமாக வானத்தைச் சூடாக்கும், எரித்துவிட்டால் அந்தக் கெடுதல் பெரும்பாலும் போய்விடும், நீங்கள் சமைப்பதே ஊருக்கும் உலகத்துக்கும் உபகாரம் என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டெம்பே என்னும் சோயாக் கட்டியை வறுத்தால் உலகத்துக்கு நல்லது என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

முர்தினியும் அன்று சிரித்தவள்தான். அவள் விருந்துச் சமையல்காரி. குழந்தை பிறந்த வீட்டு விருந்து, இறந்த வீட்டு விருந்து, அலுவலகத்தில் பதவி உயர்வு என்று எதுவானாலும் பெட்டிச் சோறு கேட்டு ஆள் வரும். கணவர் இறந்த பிறகு மகள் வெனிங்கை மருந்தாளர் படிப்பு படிக்க வைத்தது அந்தச் சமையல். இலவச வாயு வந்த புதிதில் அவளைப்போல் மகிழ்ந்தவர் ஊரில் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தபோது அவள் சமையற்கட்டுக்குத்தான் கூட்டி வந்தார்கள். அவர்கள் நீலச் சுடரைப் படம் எடுத்தார்கள். பிறகு ஒருவர் குனிந்து, வாணலியில் இருந்த டெம்பேயை மெல்ல மோந்து பார்த்தார். கெட்ட வாடை இல்லை என்று வியப்போடு மற்றவர்களிடம் சொன்னார். முர்தினி சிரித்தபடியே நின்றாள். அவர்கள் போன பிறகு அந்த டெம்பேயை அவள் சாப்பிடவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு ஓர் அலுவலக விருந்து வந்தது. நகரத்தில் ஏதோ ஒரு கிளை திறப்புக்குப் பெட்டிச் சோறு கேட்டிருந்தார்கள். கொடுத்துவிட்டு வெளியே நிழலில் நின்றிருந்தாள். உள்ளே ஒரு பெண், இது குப்பைக் கிடங்கு ஊர்ச் சமையல், குப்பை வாயுவில் வெந்தது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. கூட்டம் கலைந்தபோது பெட்டிகள் மரத்தடியில் வரிசையாக, கட்டு அவிழ்க்கப்படாமல் இருந்தன. அவளுக்கு நன்றி சொல்லித்தான் அனுப்பினார்கள். பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டாள். வாயுவில் அசுத்தம் ஒட்டாது, நெருப்பு நெருப்புதான், தயங்காமல் சமையுங்கள் என்றார் அவர். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அன்றிலிருந்து யார் கேட்டாலும் சிலிண்டரில் சமைப்பதாகவே சொன்னாள். வாசலில் தெரியும்படி பச்சை நிறச் சின்ன சிலிண்டர் ஒன்றை வைத்தாள். அது காலி சிலிண்டர்.

வெனிங் மாலாங் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அங்கே பழக்கமான தனாங் என்பவனின் வீட்டார் கெடிரியிலிருந்து பெண் கேட்டு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். ஜாவாக் கணக்கில் அது பெசார் மாதம். அது முடிந்தால் சுரோ. சுரோவில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். அதனால் நிச்சயமும் கல்யாணமும் இரண்டு வார இடைவெளியில் முடிய வேண்டும் என்று ஆனது. பையனின் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அம்மா பிரதிவி, அவர்கள் ஊர்ப் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி.

கிடங்கைப் பற்றித் தனாங்குக்குத் தெரியுமா என்று முர்தினி மகளிடம் கேட்டாள்.

"அவரு கேக்கல, நான் சொல்லல. அவ்வளவுதான்," என்றாள் வெனிங். "கேட்டா சொல்லிருவேன்."

"கேக்காத மாதிரி பாத்துக்கலாம்," என்றாள் முர்தினி.

ஆகஸ்டு மாதத்துக் காற்று ஊரிலிருந்து கிடங்கைப் பார்த்து வீசும். அதனால் வாடை வராது. மேட்டை மூங்கில் தோப்பு மறைத்துவிடும். கண்ணில் படக்கூடியவை இரண்டுதான். ஒன்று, அவள் வீட்டு முன்னால் மட்டும் மண்ணுக்கு வெளியே வந்து முழங்கால் உயரத்தில் ஓடும் வாயுக் குழாய். சுதந்திர தினப் போட்டிக்காகத் தெருக்காரர்கள் அதற்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்திருந்ததால் தெருமுனையிலேயே கண்ணைப் பறித்தது. மற்றொன்று, காலையும் மதியமும் கூடையும் கொக்கியுமாக அவள் வாசலைக் கடந்து மேட்டுக்குப் போகும் பொறுக்குபவர்கள்.

அவர்களில் மூத்தவர் லெகி. வெள்ளிக்கிழமை அவரை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோரும் பின்பக்கமாக, கொட்டகை வழியாகப் போக முடியுமா என்று கேட்டாள். வீட்டில் விசேஷம், வண்டிகள் நிற்கும் என்று காரணம் சொன்னாள். அத்தனை பேருக்கும் சாப்பாடு கொடுத்தனுப்புவதாகவும் சொன்னாள். லெகி உடனே தலையாட்டினார். "வண்டிக்கு எங்க அழுக்கு படக்கூடாதுல்ல, இபு," என்று சிரித்துவிட்டுப் போனார். இபு, அதாவது அம்மா, என்று மரியாதையாகத்தான் அழைத்தார், ஆனால் அதைக் குத்தலாகச் சொன்னாரா இல்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

குழாய் விஷயத்துக்குச் சர்குனிடம் போனாள். கொட்டகையையும் வால்வையும் பார்த்துக்கொள்பவர் அவர். கிடங்கு அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. ஆனால் ஊர் அவரை மதித்தது வேறொரு காரணத்துக்காக. நிச்சயத்திலும் கல்யாணத்திலும் பெண் வீட்டின் சார்பாக எழுந்து, பழைய மரியாதை மொழியில் ஒரு சொல் பிசகாமல் பேசக்கூடியவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். வெனிங்கின் அப்பா இடத்திலிருந்து பேசப்போவதும் அவரே.

தன் வீட்டு முன்னால் இருக்கும் குழாய்த் துண்டை மட்டும் ஒரு நாளைக்குக் கழற்றி எடுக்க வேண்டும் என்றாள். அதைக் கழற்றினால் கொட்டகையிலேயே வால்வை மூட வேண்டும், ஊர் முழுக்க வாயு நின்றுவிடும் என்றார் அவர். அதற்கும் அவள் பதில் வைத்திருந்தாள். சனிக்கிழமை மதியத்திலிருந்து ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவள் வீட்டில்தான் இருப்பார்கள். விசேஷ வீட்டில் கூடிச் சமைப்பது வழக்கம். அவர்கள் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் அங்கேயே சாப்பிடுவார்கள். எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க வேலை இல்லை.

"எங்க வீட்டுல அடுப்பு அணைஞ்சா எம் புருஷனுக்குத் தெரியாது," என்றாள் பக்கத்து வீட்டு துமி. முர்தினிக்குத் துணையாக வந்திருந்தாள். "தட்டு காலியானாதான் முழிச்சுப் பாப்பாரு."

சர்குன் சிரிக்கவில்லை. "ஊரு சமைக்கிறதாலதான் அது அடங்கிக் கெடக்குது, இபு. மூடிட்டா அது எங்கயாவது மூச்சு விடப் பாக்கும்," என்றார்.

மூச்சு விடும் இடமும் அவருக்குத் தெரியும். அழுத்தம் கூடினால் பீப்பாய்த் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வாயு கொட்டகைக்குள் குமிழியிடும். அப்படி மிஞ்சுவதை எரிக்கக் கூரையில் ஒரு குழல் இருந்தது. மழைக்காலத்தில் அது பழுதானது, மாற்று வரவில்லை. தினமும் இரண்டு வேளை எல்லா வீட்டிலும் சமைத்ததால் அது இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை.

"அப்படின்னா நான் கொட்டகைய விட்டு நகரக்கூடாது," என்றார் சர்குன். "கதவத் தொறந்து வெச்சுட்டு, ஒருத்தரையும் அண்ட விடாம உக்காந்திருக்கணும்."

"நீங்க அங்க உக்காந்துட்டா எம் பொண்ணுக்கு யாரு பேசுவா, பாக்?" என்று, ஐயா என்னும் மரியாதைச் சொல்லால் அழைத்துக் கேட்டாள் முர்தினி.

அவர் தலையைத் திருப்பினார். புதிதாகத் தைத்த பத்திக் சட்டை அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. கடைசியில், பேச்சு முடிந்ததும் உடனே திரும்பிவிடுகிறேன், நடுவில் கொஞ்ச நேரம்தானே என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று முர்தினி எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் வால்வு மூடப்பட்டது. இரண்டு ஆண்கள் சிவப்பு வெள்ளைக் குழாய்த் துண்டைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். இருந்த இடத்தில் செம்பருத்தித் தொட்டிகளை வைத்தார்கள். கடையில் வாங்கிய மூன்று பச்சை சிலிண்டர்கள் சமையற்கட்டில் வரிசையாக நின்றன. வால்வு மூடியிருப்பது ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பொறுக்குபவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுடைய குடிசைகளுக்கு அந்தக் குழாய் போகவில்லை.

ஞாயிறு காலையில் முர்தினியே லெகியிடம் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கொடுத்தாள். தியாகப் பெருநாள் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது, இறைச்சிக்குக் குறைவில்லை. கறுப்பு ரவோன் குழம்பைத் தனிப் பையில் கட்டி வைத்திருந்தாள். லெகி பொட்டலத்தை மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்ன சொல் தவறாமல் பின்பக்கமாக, தோப்பைச் சுற்றிக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேன்களில் வந்தார்கள். வாழைத்தார், துணித் தட்டு, பெண்ணும் பையனும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று வெல்லம் போட்டுக் கிண்டிய பசையரிசிப் பலகாரம் எல்லாம் முறைப்படி இறங்கின. சர்குன் எழுந்து நின்றார். கொட்டகையில் கிரீஸ் கையோடு திரியும் மனிதரா இவர் என்று ஊர்க்காரர்களுக்கே ஒவ்வொரு முறையும் தோன்றும். எளியோர் குடிலுக்குப் பெரியோர் வந்த வழியைப் புகழ்ந்து, வந்த காரணத்தை அறியாதவர்போல் கேட்டு, கேட்ட பின் வெட்கத்தோடு ஏற்றுக்கொண்டு, நிதானமாகப் பேசினார். தலைமை ஆசிரியரே ஓரிடத்தில் ரசித்துத் தலையாட்டினார். முர்தினி கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சு முடிந்ததும் சர்குன் பின்வாசலைப் பார்த்து நகர்ந்தார். தலைமை ஆசிரியர் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த மொழியை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். சர்குன் உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பிரதிவி சமையற்கட்டுக்கு வந்தாள். சம்பந்தி வீட்டு அடுப்படியைப் பார்ப்பது உரிமை என்பதுபோல் நின்று நிதானமாகப் பார்த்தாள். ரவோனைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டுச் சுவைத்தாள்.

"கறி இப்படிக் கரையுதே. விறகா?" என்று கேட்டாள்.

"சிலிண்டர்தான், இபு," என்றாள் முர்தினி.

பெண்கள் வேலையில் மும்முரமானார்கள். பிரதிவி சிலிண்டர்களைப் பார்த்து, இவ்வளவு சுத்தமான சமையற்கட்டை எங்கள் ஊரில் பார்க்க முடியாது என்றாள். முர்தினிக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்போல் இருந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. தூரத்தில் யாரோ மெத்தையை உதறியதுபோல் கேட்டது. மூங்கில் தோப்புக்கு மேலே முதலில் கானல் மாதிரி காற்று நடுங்கியது, பிறகு கரும்புகை வந்தது. விருந்தினர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சருகு எரிக்கிறார்கள்போல என்று தலைமை ஆசிரியர் சொன்னார். சர்குன் மட்டும் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

சற்று நேரத்தில் கிடங்குக் காவலாளி மோட்டார் சைக்கிளில் வந்தான். விருந்தினரையும் வேன்களையும் அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பாக் சர்குன், வால்வ மூடினது யாரு? கொட்டகை போச்சு. லெகி தீயில மாட்டிக்கிட்டாரு."

முற்றத்தில் இருந்த ஊர்ப் பெண்கள் ஒருவர்கூட முர்தினியைப் பார்க்கவில்லை. ஒருத்தி தன் கைவிரல்களைப் பார்த்தாள். துமி காலிக் கோப்பையைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவர்கள் நேராகப் பார்த்திருந்தால்கூட முர்தினிக்கு அவ்வளவு கூசியிருக்காது.

சர்குன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, அதே மரியாதை மொழியில் சொன்னார்: "தவறு அடியேனுடையது. கவனக்குறைவால் நேர்ந்தது. பெரியோர் முன்னிலையில் இப்படி ஆனதற்குப் பொறுத்தருள வேண்டும்."

அதுவும் உபசாரத்தில் ஒரு பகுதி என்று நினைத்து விருந்தினர் ஒருவர் பதிலுக்கு வணங்கினார். சர்குன் காவலாளியின் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

"என்ன வால்வு?" என்று பிரதிவி கேட்டாள்.

அந்த இடத்தில் முர்தினி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"தண்ணிக் குழாய், இபு. அங்க ஒரு பம்பு கொட்டகை இருக்குது."

தட்டு ஏந்தி நின்ற வெனிங் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு தட்டைத் திண்ணைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

லெகியை ஒரு மோட்டார் சைக்கிளின் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். சுகாதார நிலையத்துக்கு வண்டி போகக்கூடிய சாலை முர்தினியின் வாசல் வழியாகத்தான் போகிறது. குறுக்கே வேன்கள் நின்றதால் வண்டி வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. முழங்கை வரை இரண்டு கைகளையும் வாழையிலையில் சுற்றியிருந்தார்கள். புருவம் கருகியிருந்தது. வேனோட்டி சாவியைத் தேடினான். அந்த இடைவெளியில் லெகி விருந்தினர்களைப் பார்த்துத் தலையைக் குனிந்து மரியாதை செய்தார். பிறகு முர்தினியைப் பார்த்தார்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சு, இபு," என்றார். "மன்னிச்சிருங்க. முன்பக்கமா வந்துட்டோம்."

வேன் நகர்ந்தது, மோட்டார் சைக்கிள் போயிற்று. அவர் எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்று தலைமை ஆசிரியர் பொதுவாகக் கேட்டார். முர்தினி சமையற்கட்டுக்குப் போய், விருந்தினர்கள் எடுத்துப் போக வேண்டிய பெட்டிகளை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். கல்யாணத்துக்கு செப்டம்பர் ஒன்பதாம் தேதி குறித்துவிட்டு, சாயங்காலத்துக்கு முன்பே அவர்கள் பெட்டிகளோடு கிளம்பினார்கள். பிரதிவி அவளைக் கட்டிப்பிடித்து விடைபெற்றாள்.

பாத்திரம் தேய்க்கும்போது வெனிங் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தட்டை எடுத்துத் தேய்த்தபடி, "இன்னைக்குக் கேட்டாங்கம்மா," என்று மட்டும் சொன்னாள்.

நடந்தது என்ன என்பது மறுநாள் காலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மற்ற பொறுக்குபவர்கள் மேட்டிலேயே சாப்பிட்டார்கள். லெகி மட்டும் நிழலுக்காகக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். மற்ற நாட்களில் சர்குன் திட்டித் துரத்துவார், அன்று அவர் இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே பீப்பாயில் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம் வந்திருக்கிறது. அவருக்கு அது என்னவென்று தெரியாது. படியில் உட்கார்ந்து சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிராம்புச் சிகரெட் பற்றவைத்தார்.

முர்தினி சுகாதார நிலையத்துக்குப் போனாள். லெகியின் கைகள் இரண்டும் கட்டுப் போட்டு மார்பின்மேல் கிடந்தன. அவர் மனைவி எழுந்து நாற்காலி கொடுத்தாள். லெகி தானே பேச்சை ஆரம்பித்தார். கொட்டகை ஓரத்தில் அடுக்கியிருந்த பாட்டில் மூட்டைகள் எல்லாம் எரிந்துபோனதைச் சொன்னார். அங்கே போய்ச் சிகரெட் பிடித்தது தன் புத்திகெட்டதனம், பாக் சர்குனுக்குத் தன்னால்தான் கெட்ட பெயர், உங்கள் விசேஷத்தையும் கெடுத்துவிட்டேன் என்றார்.

"நான்தான் மூடச் சொன்னேன்," என்றாள் முர்தினி.

"எதை?"

வால்வு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அதிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஊர் அடுப்புகள் எரியும்போது வாயு அந்தப் பக்கம் போய்விடும் என்பதையும், அன்று அடுப்புகள் எரியாததால் அது கொட்டகையில் சேர்ந்ததையும், குழாயைக் கழற்றிய காரணத்தையும் சொன்னாள். சம்பந்தி வீட்டார் கண்ணில் படக்கூடாது என்பதைச் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. அவர் மனைவி சரியாகக் கேட்கவில்லை என்றாள். முர்தினி அதைத் திரும்பச் சொன்னாள்.

லெகி யோசித்துக்கொண்டிருந்தார்.

"எங்களப் பின்பக்கமா போகச் சொன்னதும் அதுக்குத்தானா?"

"ஆமா."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் நாற்காலியை எடுத்து முன்பு இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கிடங்கு அலுவலகத்தில் இருந்த இளைஞர் அவளை உட்காரச் சொன்னார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில், நீலச் சுடருக்குப் பக்கத்தில் அவள் சிரித்துக்கொண்டிருக்கும் படம் மாட்டியிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினாள். முழுவதையும் கேட்டுக்கொண்டார். சர்குன் நேற்றே பொறுப்பேற்றுக்கொண்டுவிட்டார், மேலிடத்துக்கும் சொல்லியாகிவிட்டது என்றார்.

"நான் கேக்காம இருந்தா அவரு மூடியிருக்க மாட்டாரு."

"கேக்கறது குத்தமில்ல, இபு. மூடினதுதான் குத்தம்," என்றார் இளைஞர். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

சர்குன் வீட்டில் இருந்தார். அவள் அலுவலகத்துக்குப் போய்வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கல்யாணம் முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள், சுரோ வந்துவிட்டால் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் ஆளுக்கொன்று பேசுவார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்காக மட்டும் நான் எந்திரிக்காம இருந்தேன்னு நெனைக்காதீங்க. அந்த வாத்தியாரு புகழ்ந்தாரு. இன்னும் கொஞ்சம் கேக்கலாம்னு இருந்துச்சு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புகை வந்தப்ப தட்டு கையில இருந்துச்சு, இபு."

முர்தினி எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

புதன்கிழமை அவள் கெடிரிக்குத் தொலைபேசியில் பேசினாள். வெனிங் பக்கத்தில் நின்றாள். தண்ணீர்க் குழாய் இல்லை, வாயுக் குழாய் என்று ஆரம்பித்தாள். எங்கள் ஊர் கிடங்கு ஊர், நான் பல ஆண்டுகளாகக் குப்பை வாயுவில்தான் சமைக்கிறேன், அன்றைக்கு மட்டும் சிலிண்டர், உங்களுக்குத் தெரியக்கூடாது என்று குழாயைக் கழற்றச் சொன்னேன், அதனால்தான் அந்த மனிதர் வெந்துபோனார், உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இணைப்பு போய்விட்டதோ என்று வெனிங் திரையைப் பார்த்தாள்.

"சரி," என்றாள் பிரதிவி கடைசியில். "அவருகிட்டக் கலந்துட்டுச் சொல்றேன்."

இரண்டு நாள் கழித்துத் தனாங் மூலமாகப் பதில் வந்தது. கல்யாணத் தேதியில் மாற்றம் இல்லை. லெகியின் வைத்தியத்துக்கு அப்பா தன்னால் ஆனதைக் கொடுப்பார். விருந்துச் சமையலுக்கு மட்டும் முர்தினி சிரமப்பட வேண்டாம், அதைத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்று அம்மா சொல்லச் சொன்னார்கள். பெண் வீட்டு விருந்தை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவது எங்கும் வழக்கமில்லை. அதைச் சொல்லும்போது தனாங்குக்கே நா தடுமாறியது என்றாள் வெனிங். அந்த ஏற்பாடு வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று அம்மாவைக் கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள் முர்தினி.

சர்குனின் ஒப்பந்தம் ஆகஸ்டு மாதத்தோடு முடிக்கப்பட்டது. லெகி நவம்பரில் மேட்டுக்குத் திரும்பினார், வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கல்யாணம் செப்டம்பர் ஒன்பதாம் தேதி சும்பர்வாருவில் நடந்தது. பெண் வீட்டின் சார்பில் வேறொருவர் தாளைப் பார்த்துப் படித்தார். சாப்பாடு கெடிரியிலிருந்து வேனில் வந்தது. முர்தினி அன்று சமைக்கவில்லை.